மெதுவாக வாசிப்பவர்கள்

ஷாமிளா கொடகவெல டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்தாள். வீடு, டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. கொழும்பில் வேலைக்குப் போயிருந்த அண்ணன் சதீஸ் ஒருமுறை லீவில் வந்தபோது அவளுடைய போனில் கனத்த கிட்டாரும் டிரம்ஸும் அதிரும் மெட்டல் பாட்டுகளை நிரப்பிவிட்டுப் போனான். அண்ணனுக்கு அந்தப் பித்து சீக்கிரம் விட்டுப்போனது. அவளுக்கு விடவில்லை. பேஸ்புக்கில் ‘கரகரப்பு’ என்று ஒரு பக்கம் தொடங்கி, கேட்ட பாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதினாள். எழுதுவது பெண் என்பதுகூட வாசித்தவர்களில் பலருக்குத் தெரியாது.

எம்பிலிப்பிட்டியவில் ‘கடும்வெயில்’ என்ற பேண்ட் நான்கு பாட்டுகளை யூடியூபில் போட்டது. கீழே ‘தமிழ் டூம் மெட்டல்’ என்று எழுதியிருந்தார்கள். டூம் என்றால் மெட்டலிலேயே மிக மெதுவானது, கனமானது. ஷாமிளா ஒருமுறை கேட்டாள். அன்று பார்மசியில் யாரிடமோ ஏச்சு வாங்கியிருந்த எரிச்சலும் சேர, பஸ்ஸில் இருந்தபடியே எழுதிப் போட்டாள்: ‘இது டூம் அல்ல. வேகமாக வாசிக்கத் தெரியாதவர்கள் மெதுவாக வாசித்த ராக்.’

அந்த வரி அவள் எழுதிய எதையும்விட அதிகமாகப் பரவியது. பேண்டின் கிட்டார்காரனும் பாடகனுமான கிரிசாந் பதில் எழுதினான். வவுனியாவில் இருந்து மாற்றலாகி வந்த அரசாங்க உத்தியோகத்தன் அவன். டூம் எங்கே தொடங்கியது, அதில் எத்தனை பிரிவு, தாங்கள் எந்தப் பிரிவு என்று கட்டுரையே போட்டான். ஷாமிளா விடவில்லை. கிட்டார் தந்திகளைத் தளர்த்திவிட்டால் மட்டும் டூம் ஆகிவிடாது என்றாள். அவன் உதாரணங்கள் கொடுத்தான். அவள் எதிர் உதாரணங்கள் கொடுத்தாள். மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தில் ஷாமிளா அந்தப் பாட்டுகளை மறுபடி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கடைசியில் கிரிசாந்துக்குத்தான் அலுத்தது. பிராக்டிசுக்கு வந்து நேரில் கேட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் எழுதுங்கள் என்று மெசேஜ் அனுப்பினான். வரமாட்டாள் என்று நினைத்தே அனுப்பியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில், பாட்டுக் கேட்கப் போவதாக அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் ஏறினாள்.

மோட்டார் சைக்கிள் சாமான் கடை ஒன்றின் பின்னால் இருந்த ஸ்டோர் ரூம்தான் அவர்கள் பிராக்டிஸ் செய்யும் இடம். சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தது. கடைக்காரர் மக்கீன்தான் டிரம்ஸ் வாசிப்பவர். கிரிசாந் அவளைக் கண்டதும் கொஞ்சம் தடுமாறி, உட்காரக் கதிரை எடுத்துப் போட்டான்.

மக்கீன் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபோதுதான் ஷாமிளா கவனித்தாள். அவருடைய வலது கால் முழங்காலில் மடங்கவில்லை. அதைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு, வழக்கமாக வலது காலால் மிதிக்கும் பெரிய டிரம்மின் பெடலை இடது காலால் மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பிலிருந்து உடம்பு முழுவதும் சாய்ந்து நிமிர்ந்தது.

முதல் பாட்டு முடிந்ததும் அவளுக்கு முகம் சுட்டது. தான் எழுதிய வரி சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது.

“எனக்குத் தெரியாதுங்க. அந்தப் போஸ்ட்ட எடுத்துர்றேன்,” என்றாள்.

கிரிசாந் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மக்கீன் கையைக் காட்டி நிறுத்தினார். தாங்கள் முதலில் வேகமாகத்தான் வாசித்ததாகச் சொன்னார். பைக் விபத்தில் கால் இப்படி ஆனபிறகு வேறு டிரம்ஸ்காரனைத் தேடும்படி இவரே சொல்லியிருக்கிறார். கிரிசாந் கேட்கவில்லை. பாட்டுகளை ஒவ்வொன்றாக வேகம் குறைத்தான். இதெல்லாம் என்ன வகை என்று யாரோ கேட்டபோது, உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு ‘டூம்’ என்று பெயர் வைத்தான்.

“அதனால நீங்க எழுதினது சரிதான், தங்கச்சி. எனக்கு வேகமா வாசிக்க ஏலாது,” என்றார் மக்கீன். “ஆனா மெதுவா வாசிச்சது நல்லா ஈக்கா, இல்லையா? அத நீங்களும் எழுதல்ல, இவனும் கேக்கல்ல. என்ட கால் கதையக் கேட்டுட்டு நல்லா ஈக்கெண்டு மட்டும் எழுதிப் போடவாணாம்.”

ஷாமிளா நான்கு பாட்டையும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னாள். இந்த முறை அவர் காலைப் பார்க்காமல் இருக்கக் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முதல் பாட்டில் டிரம்ஸின் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கிட்டாரின் ரீங்காரம் தேய்ந்துகொண்டே போனது. அடுத்த அடி வராமலே போய்விடுமோ என்று அவள் மூச்சைப் பிடித்தாள். வந்தபோது நெஞ்சில் விழுந்தது. யூடியூபில் கேட்டபோது இந்த இடத்தில் அவள் மெசேஜ் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பாட்டில் அது நடக்கவில்லை. வேகமான பாட்டை அப்படியே பிடித்து இழுத்ததுபோல் இருந்தது, சொற்கள் தொய்ந்து கிடந்தன. அதை அவள் சொன்னதும் கிரிசாந்தின் முகம் விழுந்தது. அவன் முதன்முதலில் எழுதிய பாட்டு அது. மக்கீன் சத்தமாகச் சிரித்தார்.

அன்று மாலையே புதிதாக எழுதினாள். பழைய வரியை நீக்கவில்லை. அதை எழுதும்போது தான் சரியாகக் கேட்டிருக்கவில்லை என்று அதன் கீழே சேர்த்தாள். புதியதில் காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, வகையின் பெயரும் இல்லை. அடிகளுக்கு நடுவே உள்ள அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுதினாள். மூன்றாவது பாட்டு சரியில்லை என்றும் எழுதினாள். சண்டை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர்கூட அதை வாசிக்க வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து எம்பிலிப்பிட்டியவில் ஒரு மண்டபத்தில் ‘கடும்வெயில்’ வாசித்தது. மூன்றாவது பாட்டையும் வாசித்தார்கள். ஷாமிளா நின்று முழுவதும் கேட்டாள். அப்போதும் அவளுக்கு அது பிடிக்கவில்லை. வெளியே வந்த கிரிசாந்திடம் போய்ச் சொன்னாள்.

அவன் வகைகளின் பெயர் எதையும் எடுக்கவில்லை. தோளிலிருந்த கிட்டாரை இறக்கி வைத்தான்.

“எந்த இடத்தில பிடிக்கேல்ல?” என்று கேட்டான்.

இரண்டாவது சரணத்தில் என்றாள். அந்த இடத்தை மெதுவாகப் பாடிக் காட்டினாள்.