பட்டப்பகலில் ஒரு லாந்தர்

அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பியேதான். பழைய கலைப்படங்களைப் புதுப்பித்து டிஸ்க்கில் வெளியிடுகிறவர்களுக்கு அவள் விமர்சனம் என்றாலே வயிற்றைக் கலக்கும். மனுஷ முகத்துக்கு மஞ்சள் காமாலை வரவழைத்துவிட்டுப் 'பொன்னிறம்' என்பார்கள், வானத்தைப் பச்சையாக்கிவிட்டு 'நவீன ரசனை' என்பார்கள். இவள் விடுவாளா? பத்திரிகையில் கிழி கிழியென்று கிழித்துவிடுவாள். தம்பிக்கோ அந்தப் படங்களுக்கு நிறம் திருத்துகிற வேலை. அப்படிப்பட்டவன் தன் புதுப் படத்தின் மாதிரி டிஸ்க்கைத் தானாகவே கொண்டுவந்து நீட்டுகிறான் என்றால் எவ்வளவு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும்!

"இதுல ஒரு குறை கண்டுபிடி. நான் தொழிலையே விட்டுடறேன்."

ஜன்னலைச் சாத்தி, நிறம் கண்ணுக்குப் பிசகித் தெரியாமலிருக்க டிவிக்குப் பின்னால் சாம்பல் நிறத் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தாள். பாதிப் படம்வரை அவளுக்கு ஒரு குறைகூடச் சிக்கவில்லை. முகங்கள் முகங்களாக இருந்தன. ஃபிலிமின் சொரசொரப்பைக்கூட அவன் தேய்த்து மழுங்கடிக்கவில்லை.

"பரவாயில்லையே, உருப்பட்டுட்ட" என்றாள்.

அப்போதுதான் தோப்புக் காட்சி வந்தது. நல்ல வெயில். மனைவி ஒரு மரத்தை ஒட்டி, வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கணவன் வருகிறான், மரத்துக்கு மரம் நிற்கிறான், அவள் பக்கம் திரும்புகிறான், அப்படியே தாண்டிப் போய்விடுகிறான். அவன் கையில் லாந்தர் எரிகிறது.

"நிறுத்து, நிறுத்து! பட்டப்பகல்ல எதுக்குடா லாந்தர்?"

"அது குறியீடு அக்கா. டிஸ்க்கோட வர்ற கட்டுரையில ஒரு பேராசிரியர் ரெண்டு பக்கம் எழுதியிருக்கார். மனசாட்சியோட விளக்காம்."

"மனசாட்சியுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. இது ராத்திரிடா!"

அந்தக் காலத்தில் இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுத்துவிடுவதுண்டு. நெகட்டிவில் அது பகலாகத்தான் இருக்கும். தியேட்டருக்குப் பிரிண்ட் போடும்போது லேபில் இருட்டாக்குவார்கள். தம்பிக்குப் பழைய பிரிண்ட் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, நெகட்டிவ் மட்டும்தான் கிடைத்தது. அதில் இருந்ததைப் பாத்திரம் துலக்குகிற மாதிரி பளிச்சென்று துலக்கிவிட்டான். இருட்டில் மனைவியைக் காணாமல் தவிக்கிற கணவன், இப்போது பார்த்தும் பார்க்காதவன்போலப் போகிறான். கதையே தலைகீழாகிவிட்டது.

தம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "திருத்தறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஆனா படத்தோட உரிமை, இதுல மனைவியா நடிச்ச அந்த நடிகையம்மாவோடது. பார்த்துட்டாங்க. இந்தக் காட்சியை மட்டும் யாரும் தொடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. நாளைக்கு டிஸ்க் அடிக்கப் போகுது. நீ வழக்கம்போல பத்திரிகையில எழுதி என் மானத்தை வாங்கிக்கோ, விடு."

"எழுதினா உன் மானம்தான் போகும், படம் திரும்பி வராது. இந்தப் படத்தை இன்னொரு தரம் எவன்டா புதுப்பிக்கப் போறான்? இனிமே பார்க்கிறவங்க எல்லாரும் இதைத்தான் பார்ப்பாங்க. எழுந்திரு, அந்தம்மா வீட்டுக்குப் போவோம்."

அந்தப் படத்தை எடுத்து, கணவனாக நடித்தவர் நடிகையின் நிஜக் கணவரேதான். படம் வெளிவந்த கையோடு வேறொருத்தியுடன் போனவர், கடைசிவரை திரும்பவில்லை. அவர் செத்த பிறகு, சட்டப்படி மனைவி என்பதால் படத்தின் உரிமை மட்டும் நடிகைக்கு வந்து சேர்ந்தது.

விஷயத்தைக் கேட்டதும் நடிகை சிரித்தாள். "ராத்திரின்னு எனக்குத் தெரியாதாம்மா? நடிச்சவளே நான்தானே."

தம்பி வாயைப் பிளந்தான்.

"உன் தம்பி தெரியாம பண்ணினான், நான் தெரிஞ்சேதான் விட்டேன். அந்த மனுஷன் நெஜத்துல என்னைப் பார்த்துட்டுத்தான் தாண்டிப் போனார். ஊரும் பார்க்கட்டுமே."

அக்காவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்த காரியத்தை விட்டுவிட்டுப் போக அவள் தயாராக இல்லை.

"உங்க கோபத்துல ஒரு தப்பும் இல்லம்மா. நானா இருந்தா அந்த ஆளை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பேன். ஆனா எனக்காக ஒரே ஒரு தரம் இதைப் பாருங்க."

பதிலுக்குக் காத்திராமல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள். டிஸ்க்கைப் போட்டு, ரிமோட்டில் டிவியின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். அது ஒழுங்கான இரவில்லை. அவளே விமர்சனம் எழுதினால் கிழித்திருப்பாள். இப்போதைக்கு அது போதும்.

தோப்பு இருண்டது. லாந்தர் மட்டும் தெரிந்தது. வெயிலில் உலாவப் போனவன்போல இருந்தவன், இருட்டில் ஒவ்வொரு மரமாக விளக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். நின்றான். உதடுகள் யாரையோ கூப்பிட்டன. தடுமாறித் திரும்பி வந்தான். மூச்சுச் சத்தம்கூடக் கேட்டுவிடாமல் மனைவிதான் ஒளிந்திருந்தாள்.

நடிகை கை நீட்டி ரிமோட்டை வாங்கினாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், அவன் அலட்சியமாகத் தாண்டிப் போனான். குறைத்தாள், அவன் தேடினான். மறுபடியும் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவன் தொடையைக் கிள்ளினாள்.

"நாளைக்கு அனுப்பாதப்பா" என்றாள் நடிகை. "இருட்டாவே பண்ணிடு." அவன் விளக்கைத் தூக்குகிற இடத்தில் படத்தை நிறுத்தினாள். "அந்த மனுஷன் என்னைத் தேடினதே இந்த ஒரு இடத்துலதான். அதையும் நானே இல்லாம பண்ணப் பார்த்தேனே!"