கடப்பாக்கத்தில் பூட்டிக்கொண்ட ஸ்டீயரிங்

பெண் பார்க்கப் போன வீட்டில் "போய்ச் சொல்கிறோம்" என்று சொன்னால், வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லியாயிற்று என்று பொருள். கடப்பாக்கத்தில் பெண்ணின் அப்பா செங்கல்வராயன் வீட்டுக் கூடத்தில் விஜயகுமாரி அதைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த அவள் மகன் கலையரசன் முறுக்குத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெண் காயத்ரியை அவனுக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. தாய்மாமன் தீனதயாளன் கேசரியை வேட்டியில் கொட்டிவிட்டு, கொட்டாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதை அவன் பார்த்துவிட்டான். அதற்குமேல் நிமிர்ந்து பார்க்க வெட்கம். பெண் அவனைவிட இரண்டு விரற்கடை உயரம். அம்மா அதற்காகத்தான் வேண்டாம் என்கிறாள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். கம்பெனியில் முப்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர்தான், ஆனால் அம்மா முன்னால் வாய் பூட்டுப் போட்டுக்கொள்ளும்.

எல்லோரும் கும்பிட்டு விடைபெற்று, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத காரில் ஏறினார்கள். கலையரசன் பிரேக்கை மிதித்துப் பட்டனை அமுக்கினான். கார் முனகக்கூட இல்லை. திரையில் ஒரு பூட்டுப் படம் மட்டும் மினுக்கியது. ஸ்டீயரிங் இம்மியும் அசையவில்லை. தெரு குறுகல் என்று, முன்சக்கரத்தை முழுசாக ஒடித்துச் சாக்கடைக் கல்லில் முட்டக்கொடுத்து நிறுத்தியிருந்தான்.

"சாவில தான் மாப்ள பேஜாரு," என்றார் தீனதயாளன். சாவியை வாங்கி வேட்டியில் அழுத்தித் துடைத்தார். கேசரி நெய் சாவி முழுக்கப் பரவியது. அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காரை வலம் வந்தார். சாவியைத் திருப்பிக் கொடுத்த அப்புறமும் கார் அசைந்து கொடுக்கவில்லை. "உப்புக் காத்து. கம்ப்யூட்டருக்குள்ள பூந்துகிச்சி," என்று தீர்ப்பைத் திருத்தி எழுதினார்.

வாசலில் பெண் வீட்டார் பாவம், வழியனுப்பத் தூக்கிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் நிற்கிற விருந்தாளியை என்ன செய்வது என்று எந்த ஊரிலும் யாரும் சொல்லி வைக்கவில்லை. கடைசியில் காயத்ரியின் அம்மா வசந்தாவே, "வெயில்ல இன்னாத்துக்கு, உள்ள வந்து உக்காருங்க," என்றாள். பட்டுப்புடவை வேர்வையில் ஒட்ட, விஜயகுமாரி மறுபடி அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மறுபடி காபி வந்தது. மாமாவும் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனார்.

கலையரசன் தனியாகக் காரில் உட்கார்ந்து பட்டனைக் குத்திக்கொண்டிருந்தான். மானம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் காயத்ரி தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றாள்.

"ஸ்டீயரிங்க இப்டியும் அப்டியும் ஆட்டிகினே பட்டன அமுக்குங்க," என்றாள். "சக்கரம் கல்ல முட்டிகினு கீது இல்ல, அதான் லாக்கு வுட மாட்டேங்குது. எங்க அண்ணன் வண்டியில இதே ரோதனை தான்."

ஆட்டிக்கொண்டே அமுக்கினான். பதற்றத்தில் பிரேக்கை மிதிக்க மறந்துவிட்டதால் எஞ்சின் கிளம்பவில்லை. ஆனால் 'டொக்' என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங் இளகிவிட்டது. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. இனி கிளம்ப வேண்டியதுதான்.

"ஆயிட்ச்சி. போலாம்," என்றாள். ஆனால் நகரவில்லை.

"போய்ச் சொல்றோம்னு சொன்னது எங்கம்மா," என்றான், சொம்பைப் பார்த்துக்கொண்டு.

"நீங்க இன்னா சொல்றீங்க?"

கலையரசன் யோசித்தான். பிறகு பட்டனை அமுக்கி எல்லாவற்றையும் அணைத்தான். கதவைத் திறந்து மூடினான். ஸ்டீயரிங்கை மூச்சுப் பிடித்து ஒடித்தான். 'டொக்' என்று பூட்டிக்கொண்டது. காயத்ரி இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை, சொம்புத் தண்ணீர் அவன் சட்டையெல்லாம் கொட்டியது.

நனைந்த சட்டையோடு கூடத்துக்குள் வந்தவனைப் பார்த்து, "இன்னாடா ஆச்சி?" என்றாள் விஜயகுமாரி.

"வண்டி இப்ப கிளம்பாதும்மா. வூட்டுக்குப் போய்ச் சொல்றத இங்கயே சொல்லிடலாம். எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு." சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "உயரமா இருந்தா இருக்கட்டும்."

தீனதயாளன் கடித்த முறுக்கை மெல்லவில்லை. விஜயகுமாரி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உயரத்தப் பத்தி யார்ரா பேசனா? எனக்கு வந்ததும் வராததுமா புடிச்சிபோச்சி. நீ தான் நிமிந்தே பாக்காம முறுக்க எண்ணிகினு இருந்த. சரி, பையனுக்குப் புடிக்கலன்னு, மனசில்லாம போய்ச் சொல்றோம்னேன். அதுலருந்து வயித்தெரிச்சலோட காப்பி குடிச்சிகினு கீறேன்."

செங்கல்வராயன் வாயெல்லாம் பல்லாக எழுந்து, தாம்பூலத் தட்டை எடுத்து வரும்படி வசந்தாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

"இரு குமாரி," என்றார் தீனதயாளன், முறுக்கை விழுங்கிவிட்டு. "மொதல்ல வண்டி கிளம்பறதுக்கு ஒரு வழி பண்ணலாம்."

"அத வுடு தீனா," என்றாள் விஜயகுமாரி, காயத்ரியைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தபடி. "இப்ப யாரு கிளம்பறாங்க?"