மேகத்துக்கு எடுத்த படம்

குடுமியான்மலைக்குக் கிழக்கே, கண்மாய்க்கரையில் சில நாளாகவே ஆவுடையப்பன் சாயங்காலந்தோறும் கேமராவோடு காத்துக் கிடந்தார். புதுக்கோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் காட்சியை எடுத்து மதராஸ் கண்காட்சிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தார்.

காட்சிதான் பிடிகொடுக்கவில்லை. வானத்துக்குத் தக்க வெளிச்சம் விட்டால் தரை கரியாகிறது. தரைக்கு விட்டால் வானம் சுண்ணாம்பு அடித்த சுவராகிறது. லென்சின் மேல்பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து மறைத்து எடுத்தும் பார்த்தார். இப்படியே படம் விழும் கண்ணாடி பிளேட்டுகள் வீணாயின. யுத்தகாலம், புதுச் சரக்கு வரத்தில்லை. மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அன்றைக்குத்தான் மேகம் வாகாக வந்தது. அடிவயிறு சிவந்து, மலையுச்சிக்கு மேல் அடுக்கடுக்காய் நின்றது.

அந்த நேரம் பார்த்துக் கரையில் அழுகைச் சத்தம். கீழூரைச் சேர்ந்த சோலையப்பன் புதுத்துணியில் சுற்றிய தன் குழந்தையை ஏந்தி வந்தான். சொந்தக்காரர்கள் நாலு பேர் மண்வெட்டியோடு பின்னால் வந்தார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகாமல் கரையோடு நிற்க வேண்டிய வழக்கம். குழந்தையின் தாய் செங்கமலம் நின்ற இடத்தில் கேமராவைப் பார்த்துவிட்டாள்.

"அய்யா, சொர்ணவல்லிய ஒரு படம் புடிச்சுத் தாங்கய்யா. காய்ச்சல்ல போயிட்டா. மொகம் மறந்துருமோன்னு பயமா இருக்குங்க."

அவள் கரையில் உட்கார, சோலையப்பன் குழந்தையை அவள் மடியில் கிடத்தினான்.

ஆவுடையப்பனுக்கு மறுக்க மனமில்லை. பிளேட்டை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. மலை, மேகம், கீழே குழந்தையோடு ஒரு தாய்! இப்படி ஒரு படம் மதராஸில் யாரிடம் இருக்கும்?

செங்கமலம் தானாகவே மேற்கே திரும்பி உட்கார்ந்தாள். வெயில் குழந்தையின் முகத்தில் மஞ்சளாய் விழுந்தது.

"அப்படி வேண்டாம்மா. மலைக்கு முதுகு காட்டி உக்காருங்க."

"மொகத்துல இருட்டு விழுதுங்களே?"

"அதை நான் பாத்துக்கிறேன்."

திரும்பி உட்கார்ந்தாள். அவர் லென்ஸ் மூடியைக் கழற்றி, வானத்துப் பக்கம் அட்டையை ஆட்டினார். அட்டைக்கும் ஓர் அளவுண்டு. இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தால் முகம் தேறும், மேகம் வெளுத்துவிடும். அது அவருக்குத் தெரியும். தெரிந்தே மூடினார்.

"விழுந்துருச்சுங்களா?" என்றாள்.

"விழுந்துருச்சும்மா."

இருட்டறையில் பிளேட்டைக் கழுவிப் பார்த்தார். மேகம் மடிப்பு மடிப்பாய் வந்திருந்தது. மடியில் ஒன்றுமில்லை. எத்தனை தாளில் போட்டுப் பார்த்தும், மலையடியில் ஒரு கறுப்புக் குவியல்தான்.

படத்தை மதராஸுக்கு அனுப்பினார். முதல் பரிசு கிடைத்தது. அதன் பிரதி ஒன்றுக்குச் சட்டம் போட்டு ஸ்டூடியோ முகப்பில் மாட்டினார். அதுவரை சோலையப்பன் வந்து கேட்டபோதெல்லாம், "இன்னும் கழுவல, அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

தை பிறந்து செங்கமலமே புருஷனோடு வந்துவிட்டாள். வந்தவள் முகப்பிலேயே நின்றாள்.

"இது நம்ம மலைல்ல?"

ஆவுடையப்பன் வெளியே வந்தார். அவள் கண்ணாடிமேல் விரலை வைத்துத் தேடினாள். மலையடியிலிருந்து ஓரம்வரைக்கும் தேடினாள்.

"எம்மவ எங்கிட்டுங்க இருக்கா?"

அவர் கறுப்பைக் காட்டினார். அவள் நெற்றி கண்ணாடியில் முட்டக் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதுல நானே இல்லையே. மேகம் மட்டும் எப்படிங்க இம்புட்டுத் தெளிவா விழுந்துச்சு?"

சோலையப்பன் படத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கை ஓங்குவான் என்றுதான் ஆவுடையப்பன் நினைத்தார். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா புள்ள, போவோம்" என்றான்.

உள்ளே படமெடுக்க உட்கார்ந்திருந்த கல்யாண ஜோடி நேரமாகிறது என்று குரல் கொடுத்தது. ஆவுடையப்பன் தெருவைப் பார்த்தபடியே நின்றார்.