கஸ்தூரியின் முதுகு

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாலும் சொன்னார், முருகையன் கழுவிக் கழுவியே தோலை உரித்துக்கொண்டான். செங்கம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருப்பவன் அவன். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் எந்தச் சோப்புக்கும் மசியாது. அதனால் மனைவி கஸ்தூரியின் முதுகுக் காயத்துக்கு மருந்து போடுவதைக் கடை திறக்கும் முன்பே முடித்துவிடுவான்.

வலது தோள்பட்டைக்குக் கீழே வருஷக்கணக்காகச் சும்மா கிடந்த மச்சம் அது. திடீரென்று பெருத்து, ஓரம் கலைந்து, ரவிக்கை உரசினால் ரத்தம் கசிய ஆரம்பித்தது. டவுனில் இருக்கும் தோல் டாக்டரம்மா அதை வெட்டி எடுத்துத் தையல் போட்டார். தண்ணீர் படக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, கொடுத்த ஆயின்மென்ட்டைத் தவிர வேறு எதையும் தடவக்கூடாது. இவையெல்லாம் கஸ்தூரியை வைத்துக்கொண்டு சொன்னவை. அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு முருகையன் கேட்டு வாங்கிக்கொண்டது வேறு.

"மச்சம் பாக்கறதுக்கு நல்லா இல்லங்க. கேன்சரா இருக்குமோன்னு சந்தேகம். டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கேன். அவங்ககிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

பக்குவமாம்! சொல்லவே இல்லை. வெளியே வந்து, "வெறும் மச்சந்தான், வேர் விட்டிருந்துச்சாம், புடுங்கிட்டாங்க" என்றான். பொண்டாட்டியைக் காப்பாற்றுவதாக அவனுக்கு நினைப்பு. உண்மையில் அந்த வார்த்தையை வாயால் சொல்ல அவனுக்குத்தான் தைரியம் இல்லை.

அன்று காலை பிளாஸ்திரியின் ஓரம் கிளம்பியிருந்தது. நேற்று சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டான். லாரி டயருக்கே பேட்ச் போடுகிறவனுக்கு இத்தனூண்டு பிளாஸ்திரி அடங்க மாட்டேன் என்கிறது. மெதுவாக உரித்தான். உரித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

தையலைச் சுற்றிக் கருப்பு. நேற்றுவரை சிவந்த கோடாக மட்டும் இருந்த இடத்தில், வெட்டியெடுத்த மச்சம் இரண்டு பங்காகத் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பதுபோல் கருப்பு. அதைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு முடிச்சின் அடியில் மஞ்சளாகச் சீழ் வேறு.

"இன்னாங்க, சத்தத்தையே காணோம்?" என்றாள் கஸ்தூரி, குனிந்தபடியே.

"ஒண்ணுமில்ல. நல்லா ஆறிட்டு வருது."

கிரீஸாக இருக்குமோ? தன் விரல்தான் காரணமோ? கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து லேசாக ஒற்றினான். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். கஸ்தூரி பல்லைக் கடித்தாள். கருப்பு அப்படியே இருந்தது. அப்படியானால் அது தோலுக்குள் இருக்கிறது.

"கிளம்பு. டாக்டர்கிட்ட சும்மா காட்டிட்டு வந்துடலாம்."

சும்மா எதற்கு, தையல் பிரிக்க அடுத்த வாரம்தானே வரச் சொன்னார்கள் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். உப்புக்குக்கூட ஏன் எதற்கு என்று கேட்கிறவள். இன்று ஒன்றுமே கேட்காமல் சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

கெட்ட நேரத்துக்கு அன்று பௌர்ணமி. செங்கம் ரோட்டில் வண்டிகளை விடவில்லை. ஊரெல்லாம் டவுனிலிருந்து அண்ணாமலையைச் சுற்றிக் கிரிவலம் வந்துகொண்டிருக்க, இவர்கள் இருவரும் எதிரே டவுனுக்கு நடந்தார்கள். முருகையன் அவளை முன்னால் விட்டு, அவள் முதுகில் யாரும் இடிக்காதபடி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்னால் போனான்.

"என்னா சார், மலையத் தலைகீழா சுத்தறீங்க?" என்று ஒருவன் சிரித்தான். இன்னொரு நாளாக இருந்தால் முருகையன் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டிருப்பான். இன்று அவன் கண் காயம் கசிந்து ரவிக்கையில் ஊறிய ஈரத்திலேயே இருந்தது. ஈரம் பரவிக்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒரு தோள்பை அவள் தோளில் இடித்துவிட்டுப் போனது. கஸ்தூரி கண்ணை மூடி நின்றாள், பிறகு நடந்தாள். அண்ணாமலையாரே, இவளை எடுத்துக்கொள்ளாதே என்று அவன் மலையைப் பார்த்து வாய்விட்டே கேட்டான். கூட்டத்தின் அரோகராவில் அது யாருக்கும் கேட்கவில்லை.

டாக்டரம்மா பிளாஸ்திரியை எடுத்தார். புருவம் சுருங்கியது. குனிந்து பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். மருந்தில் நனைத்த பஞ்சால் சுற்றித் துடைத்தார். பஞ்சு கருப்பானது. இன்னொரு பஞ்சு. அதுவும் கருப்பு.

"என்னத்தத் தடவினீங்க?"

முருகையன் தன் நகங்களைப் பார்த்தான். "கிரீஸுங்களா டாக்டர்? நான் நல்லாத்தான் கழுவினேன்..."

"தீப மை, டாக்டர்" என்றாள் கஸ்தூரி.

மலை உச்சிக் கொப்பரையில் தீபம் எரிந்து படிந்த கரி, நெய்யோடு. ஊரில் அதை நெற்றியில் பொட்டாக வைப்பார்கள். தையல்மேல் வைத்தவள் கஸ்தூரி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"சாமிமேல எனக்கும் பக்தி உண்டும்மா. அதுக்காகக் கரியையும் நெய்யையும் புண்ணுமேல பூசலாமா? அழுக்கு உள்ள போயி சீழ் வெச்சிருக்கு பாருங்க" என்று டாக்டரம்மா பிடித்து விளாசினார்.

முருகையனுக்குப் பயம் போன இடத்தில் கோபம் வந்து ஏறியது. "எவடி உனக்கு இந்த யோசனையக் குடுத்தா?"

"எவளும் குடுக்கல. நாந்தான் பக்கத்து வூட்டு அன்புச்செல்விய நேத்து சாயங்காலம் தடவச் சொன்னேன். அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

"நல்லா ஆறிட்டு வருதுன்னு தெனமும் சொன்னேனே!"

"வாய்தான் சொல்லிச்சு. கை நடுங்குச்சுங்க, தெனமும். என் முதுகுக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு இன்னா வந்திருக்குன்னு நீங்க சொல்லல. டாக்டர்கிட்ட நான் கேக்கலாம்னா வெளிய உக்கார வெச்சிட்டீங்க. அப்புறம் நான் யார்கிட்டதான் போவேன்? அவர்கிட்ட போனேன்."

இத்தனை நாளும் அவளும் தன்னைப்போலவே பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதுவும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு.

டாக்டரம்மா ஒரு முடிச்சை மட்டும் வெட்டிச் சீழை எடுத்தார். மற்ற தையல் பிடித்திருந்தது. மாத்திரை எழுதினார். இனி ஆயின்மென்ட்டைத் தவிர விபூதிகூடக் கிட்டே வரக்கூடாது என்றார். பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு முருகையனை நோக்கினார்.

"டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு."

கஸ்தூரி யாரும் சொல்லாமலே எழுந்து கதவுப் பக்கம் போனாள். முருகையன் எட்டி அவள் கையைப் பிடித்தான்.

"உக்காரு."

"நீங்க கேட்டுக்கினு வாங்க."

"உக்காருடி. டாக்டர், இவகிட்ட சொல்லுங்க. இவ உடம்பு."

டாக்டரம்மா நாற்காலியைக் கஸ்தூரியின் பக்கம் திருப்பிக்கொண்டார். "கேன்சர் இருக்குமோன்னு பயந்து அனுப்பினேம்மா. இல்ல. சாதாரண மச்சந்தான். முழுசா எடுத்தாச்சு. புண்ண மட்டும் ஒழுங்கா பாத்துக்கிட்டா போதும்."

முருகையன் சுவரோடு சாய்ந்து, சின்னப்பிள்ளையைப்போல் விசும்பி விசும்பி அழுதான். கஸ்தூரி அவனைப் பார்த்தாள். அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இன்னொரு தபா சொல்லுங்க டாக்டர்," என்றாள். "இந்த மனுஷனுக்குக் காதுல ஏறல."