தூங்க வேண்டியவன்

முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே ராம்குமார் காளிராஜின் தோளில் கை போட்டு லாரிக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். முதலாளி தோளில் கை போடுவது காளிராஜுக்குப் பழக்கமில்லாத சங்கதி. முன்பு வேலை பார்த்த நூல் மில்லில் முதலாளியின் காரைத்தான் பார்த்திருக்கிறான், முதலாளியைப் பார்த்ததில்லை. ராம்குமார் ராஜபாளையத்தில் நாலைந்து லாரி வைத்து நடத்துகிறவர். வயதில் இவனுக்கு இளையவர். தார்ப்பாய்க் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று சோதிப்பவர்போல ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, சமுத்திரம் அண்ணன் மேல ஒரு கண்ணு இருக்கட்டும். அவரு ஓட்டுற நேரத்துல வண்டி அங்கங்க நிக்குது. என் போன்ல காட்டுது. எதுக்கு நிக்குதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க. வந்த பொறவு உங்க வேலையப் பத்திப் பேசுவோம்."

காளிராஜ் தலையாட்டினான். கடைசியில் சொன்னதுதான் முக்கியம் என்று அவனுக்குப் புரிந்தது. இந்த ஒரு நடை வெள்ளோட்டம். திரும்பி வந்து சொல்கிற பதிலைப் பொறுத்துத்தான் வேலை நிலைக்கும்.

சந்தேகம் காளிராஜுக்குக் கூடப் பிறந்தது. பெட்ரோல் பங்கில் மீட்டர் சுழியத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறவர்கள் உண்டு. காளிராஜ் மீட்டரைப் பார்த்துவிட்டு பங்க்காரன் முகத்தையும் பார்ப்பான். பாக்கெட் பாலை முகர்ந்து பார்த்த பிறகுதான் அடுப்பில் வைக்க விடுவான். கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் கழற்றிப் போடுவான். அப்படிப்பட்டவனிடம் போய் ஒரு ஆளைக் கண்காணி என்று சொன்னால் கேட்கவா வேண்டும்.

மில்லில் முதலில் ஷிப்டைக் குறைத்தார்கள். பிறகு மிஷின்களையே கழற்றி விற்றார்கள். காளிராஜ் கூமாப்பட்டியில் இளவட்டமாகத் திரிந்த காலத்தில் டிராக்டர் ஓட்டியவன். அந்தத் தைரியத்தில் நாற்பதை நெருங்குகிற வயதில் ஹெவி லைசென்ஸ் எடுத்து, சிவகாசி, அருப்புக்கோட்டை என்று பக்கத்து ஊர்களுக்கு லோடு அடித்துக் கையைப் பழக்கிக்கொண்டான். மாநிலம் தாண்டி வடக்கே போகிற ஓட்டம் இதுதான் முதல் தடவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் மனைவி மாரீஸ்வரி வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுக்கிறாள். மகள் அந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். இந்த வேலையும் போனால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று அவனுக்குத் தெரியாது.

மாரீஸ்வரி சும்மா இருக்கிறவள் இல்லை. புருஷன் யாரோடு போகிறான் என்று தெரிந்ததும் நாலு இடத்தில் விசாரித்துவிட்டாள். சோற்றைக் கட்டிக் கொடுக்கும்போது சொன்னாள்.

"சேத்தூர் சமுத்திரம் கூட ஒரு தடவ போனவன் மறு தடவ போனதே இல்லியாம். எதுக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. நீங்க கண்ண மூடிராதீக."

சமுத்திரத்துக்கு ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒல்லியான ஆள். பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவர்போல அளந்து பேசினார். பேண்டேஜ் துணி லோடு நாக்பூருக்கு. இரண்டு டிரைவர்களும் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். வண்டி திருமங்கலத்தை நெருங்கும்போது அவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். ஒருத்தன் ஓட்டினால் இன்னொருத்தன் பின்சீட்டில் படுத்துத் தூங்க வேண்டும், தூங்குவதும் டூட்டிதான் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் தூங்குவதில் இவருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று காளிராஜ் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டான்.

யோசித்தது வீண்போகவில்லை. அவன் படுத்துச் சிறிது நேரம் ஆனதும் ஸ்டியரிங்கிலிருந்து மெதுவாகக் குரல் வரும். காளிராஜு, தூங்கிட்டியா என்று. இவன் பதில் சொல்லாமல் மூச்சை இழுத்து இழுத்து விடுவான். கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஓரங்கட்டும். சீட்டுக்கு அடியிலிருக்கும் பிளாஸ்டிக் கேனை எடுத்துக்கொண்டு சமுத்திரம் இறங்குவார். டீசல் டேங்க் இருக்கிற பக்கம் செருப்புச் சத்தம் போகும். அப்புறம் தண்ணீர் மாதிரி ஏதோ ஊற்றுகிற சத்தம். திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல வண்டியை எடுப்பார். ஓசூரைத் தாண்டி ஒரு தடவை, கர்நூலுக்கு முன்னால் ஒரு தடவை, ஹைதராபாத்தைத் தாண்டிப் பல தடவை. இவ்வளவு அடிக்கடி திருட்டு டீசலை யார் வாங்குகிறார்கள் என்றுதான் அவனுக்குப் புரியவில்லை. அவர் டீ குடிக்கப் போன சமயம் அந்தக் கேனை எடுத்து முகர்ந்து பார்த்தான். டீசல் வாடையே இல்லை. நன்றாகக் கழுவி வைத்திருக்கிறார், கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டான்.

தன் முறை வந்து ஓட்டும்போதும் நிம்மதி கிடையாது. பின்னால் சமுத்திரம் முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு படுத்திருப்பார். குறட்டையே வராது. அந்த வயதில் ஒரு மனிதர் குறட்டை விடாமல் தூங்குவாரா என்பது காளிராஜின் அடுத்த சந்தேகம். நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு ராஜபாளையம் மில்லுக்குப் பஞ்சு ஏற்றக் காத்திருந்தபோது, வண்டி நிற்கிறதே என்ற தைரியத்தில் கொஞ்சம் தூங்கினான். மற்றபடி போகும்போதும் சரி, வரும்போதும் சரி, படுத்திருந்த நேரமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்ததுதான். உடம்பு நொந்து போனது. ஆனாலும் ஊர் நெருங்க நெருங்க மனதுக்குள் ஒரு தெம்பு. முதலாளியிடம் சொல்ல விஷயம் இருந்தது.

மதுரையைத் தாண்டியபோது பொழுது விடிந்து நன்றாக வெயில் ஏறியிருந்தது. காளிராஜ் ஓட்டினான். மேற்கே மலை தெரிய ஆரம்பித்துவிட்டது. இனி நம்ம ஊர்க் காற்று என்று கண்ணாடியை இறக்கிவிட்டான். அழகாபுரியைத் தாண்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ரோடு நினைவில்லை. மில்லில் ஓடிக்கொண்டிருந்த மிஷின் ஒன்று தானாக நின்றது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். ஸ்டியரிங் அவன் கையை விட்டு வேகமாக வலதுபக்கம் திரும்பியது.

கண்ணைத் திறந்தபோது அவன் தோளுக்கு மேலாக சமுத்திரத்தின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தன. இடதுபக்கச் சக்கரங்கள் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. களையெடுக்கப் போகிற பெண்கள் புளியமரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். அவர்கள் சிதறி ஓடுவதையும், ஒரு தூக்குச்சட்டி உருண்டு சோறு மண்ணில் கொட்டுவதையும் காளிராஜ் பார்த்தான். பிரேக்கை மிதித்தது அவன் கால்தான், ஆனால் அதை மிதிக்கச் சொன்னது அவன் இல்லை. வண்டி நின்றது. யார் மேலும் படவில்லை. ஒரு பெண் மண்ணை வாரி லாரியின் மேல் தூற்றி, அவன் குலத்தையே இழுத்து வைது தீர்த்தாள். அவளுக்கு மாரீஸ்வரி வயதுதான் இருக்கும். காளிராஜ் இறங்கிப் போய் அவள் காலடியில் கிடந்த தூக்குச்சட்டியை எடுத்துக் கொடுத்தான்.

கிருஷ்ணன்கோவில் டீக்கடை வரை சமுத்திரம்தான் ஓட்டினார். கடையில் தனக்குச் சீனி போடாத டீ சொன்னார். காளிராஜ் டீ கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தான். கொஞ்சம் பிசகியிருந்தால் அத்தனை பெண்களும் போயிருப்பார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பின்னால் தூங்கிக்கொண்டிருந்த மனிதரின் கை அந்த நொடியில் எப்படி ஸ்டியரிங்குக்கு வந்தது? அந்த நிலைமையிலும் அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க தூங்கலியா?"

"நீ மட்டும் தூங்குனியாக்கும்?" என்றார் சமுத்திரம். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "என் மேல ஒரு கண்ணு வைக்கச் சொல்லி மொதலாளி சொன்னாரா?"

காளிராஜ் கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"உன் மேலயும் வைக்கச் சொன்னாரு. புதுசா வாரான், ஆளு எப்படின்னு தெரியலன்னாரு. எல்லா நடைக்கும் இதான். ரெண்டு பேரும் கூட்டாயிட்டா டீசல் போயிரும்னு அவருக்குப் பயம். ஒருத்தன ஒருத்தன் நல்லவன்னு சொன்னா மறு நடைக்கு ஆளப் பிரிச்சிருவாரு. ஆகாதவங்களத்தான் ஒரே வண்டியில விட்டு ஒருத்தனுக்கு ஒருத்தன காவல் வைப்பாரு."

கூடப் போனவர்களெல்லாம் இவரை நல்லவர் என்று சொன்னதால்தான் மறு தடவை சேர்ந்து போகவில்லையா, மாரீஸ்வரி விசாரித்துக்கொண்டு வந்ததற்கு இதுதானா அர்த்தம் என்று காளிராஜ் நினைத்தான். பிறகு அவர் தனக்கு சுகர் இருக்கிற விஷயத்தைச் சொன்னார். அடிக்கடி ஒன்றுக்கு இறங்க வேண்டியிருக்கிறது, கூட இருக்கிறவன் விழித்திருந்தால் கூச்சமாக இருக்கிறது, கேனில் இருப்பது கை கால் கழுவுகிற தண்ணீர். வெளியே தெரிந்தால் தூர ஓட்டத்திலிருந்து தன்னை எடுத்துவிட்டு, சேத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் செங்கல் லோடு அடிக்க விட்டுவிடுவார்கள் என்றார். இதையெல்லாம் அவர் சங்கடப்படாமல் சொன்னார். காளிராஜுக்குத்தான் சங்கடமாக இருந்தது. அந்தக் கேனுக்குள் மூக்கை விட்டு முகர்ந்தது நினைவுக்கு வந்தது.

"நீ கண்ணசந்தத நான் சொல்ல மாட்டேன். நான் எறங்குறத நீ சொல்ல வேண்டாம். ஆளு எப்படின்னு கேட்டா சரியில்லன்னு சொல்லு. நானும் உன்னச் சரியில்லன்னு சொல்றேன். அப்பத்தான் மறுபடி நம்மள ஒரே வண்டியில போடுவாரு. ரெண்டு பேரும் படுத்தாத் தூங்கலாம்."

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வண்டி நுழைந்தபோது காளிராஜ் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டான். தன் தெரு முக்கைக் கடக்கும்போது தையல் மிஷின் சத்தம் கேட்கிற தூரம் இல்லை என்று தெரிந்தும் காதைக் கொடுத்தான். உன் மேலும் ஒரு கண் வைக்கச் சொன்னார் என்று சமுத்திரம் சொன்னது நிஜமா? ராம்குமார் அப்படிச் சொன்னதை யார் கேட்டார்கள்? தான் கண்ணயர்ந்தது உண்மை. அது அவர் வாயில் இருக்கிறது. சுகர் விஷயமும் உண்மை. அது தன் வாயில் இருக்கிறது. பக்கத்தில் சமுத்திரம் சாந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சாந்தம் நல்லவருடையதா, கெட்டிக்காரருடையதா என்று ராஜபாளையம் வரும்வரை காளிராஜால் முடிவுகட்ட முடியவில்லை.

மில்லில் பஞ்சை இறக்கிவிட்டு ஆபீசுக்குப் போனார்கள். ஆபீஸ் என்பது ஷெட்டுக்கு உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு அறை. ராம்குமார் முதலில் காளிராஜைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்லி, எதுக்கு நிக்குது என்று நேராகவே கேட்டார். ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் இந்த நிமிடமே வேலை உறுதி. சொல்லாமல் விட்டு, அடுத்து உள்ளே வருகிற மனிதர் புளியமரத்தடியைப் பற்றிச் சொல்லிவிட்டால் இன்று சாயந்திரம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

"கண்டுபிடிக்க முடியல மொதலாளி. ஆனா ஆளு என்னமோ மறைக்காரு. இன்னொரு நடை கூடப் போனாத்தான் தெரியும்."

ராம்குமாரின் முகத்தில் திருப்தி வந்தது. நினைச்சேன் என்றார். காளிராஜின் தோளைத் தட்டி, வெளியே இருக்கச் சொன்னார். பிறகு சமுத்திரம் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்கு வெளியே நிற்க காளிராஜுக்குக் கால் கடுத்தது. உட்கார மனமில்லை. வாழ்க்கையில் யாரும் தன்னைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று கவனமாக இருந்து வந்தவன். இப்போது ஒரு மனிதர் தன்னைப் பற்றிக் கெட்டதாகப் பேச வேண்டுமே என்று குலசாமியை வேண்டிக்கொண்டு நிற்கிறான். அதுவும் அளவாக. கொஞ்சம் கூடிப்போனாலும் வேலை போய்விடும். நல்லவன் என்று சொல்லிவிட்டால் வேறு ஆளோடு வேறு வண்டி, மறுபடியும் கண்ணை மூடிக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு வடக்கே போக வேண்டும். தன் கை இரண்டும் மடிந்து கிடக்க, வேறொரு ஆளின் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்தக் கணத்தை நினைத்தான். அது நடந்ததுதான். அதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

உள்ளே ராம்குமார் மேஜைக்கு மேல் குனிந்து ஏதோ கேட்டார். சத்தம் வெளியே வரவில்லை. சமுத்திரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு தலையை இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினார். ஆள் எப்படி என்றதற்கா, ஒழுங்காக ஓட்டினானா என்றதற்கா, எதற்கு அந்தத் தலையாட்டல் என்று காளிராஜுக்குத் தெரியவில்லை. ராம்குமார் நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். சமுத்திரம் திரும்பவில்லை.