கண்ணாடிக் கதவருகே ஒரு ‘சரி’

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு சொல்லாகத்தான் கிடைத்தது. ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்த ஒருவன், கைப்பேசியில் “சரி” என்றான். பிறகு அதைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருதிருவென்று ஒரு முழி. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. எது உண்மை என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே குழப்பமாக இருக்கிறது.

2

“மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், மனைவியின் குரல்”

வேண்டாம். அன்று மழையே இல்லை. ஒன்றும் தோன்றாதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம்.

“இருவேறு கம்பியில்லா வலைகள் சந்திக்கும் எல்லையில், நகரும் கருவியொன்று”

இப்படி ஆரம்பித்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். எளிதாகவே சொல்கிறேன். நிலையத்துக்குள்ளே வைஃபை, வெளியே தெருவில் டவர். பேசிக்கொண்டே நடக்கிறவரின் அழைப்பை உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் கையில் கொடுத்தாக வேண்டும். எப்போது கொடுப்பது என்று விதி எழுதுவது ஒரு வேலை. என் ஆளுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டேன்.*

* கொடுத்ததும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

3

அலுவலகத்தில் அவனுக்குப் ‘பொறுங்க சார்’ என்று பெயர். எதைக் கேட்டாலும் “பொறுங்க, பாக்கலாம்” என்பான். முன்பெல்லாம் அந்தக் கதவருகே கைப்பேசிகள் வைஃபைக்கும் டவருக்கும் மாறி மாறித் தாவிக் குரலைக் கொத்துக்கறி போட்டுக்கொண்டிருந்தன. புகார் குவிந்தது. ‘டவரின் சிக்னல் வைஃபையைவிடத் தெளிவாக மேலே நிற்கட்டும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறதா என்றும் பார்க்கட்டும், அதன்பிறகு மாறினால் போதும்’ என்று விதியை மாற்றினான். தாவல் நின்றது, பாராட்டும் கிடைத்தது. அந்தத் தடித்த கண்ணாடிக்கு அப்பால் வைஃபை பொசுக்கென்று செத்துவிடும் என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை. கைப்பேசியோ அவன் சொன்னபடி செத்ததைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நிற்கும்.

வீட்டிலும் அவன் அப்படித்தான். மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வேறொரு நகரத்தில் திறக்கப்போகும் கிளைக்கு அவளைப் பொறுப்பாகக் கூப்பிடுகிறார்கள். அவள் மட்டும் போவதா, இருவரும் போவதா, யாரும் போகாமல் இருப்பதா? வாரக்கணக்காக அவனிடம் கேட்டுக் களைத்துவிட்டாள். விடிவதற்குள் அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவதால், அவன் ரயிலை விட்டு இறங்கி நடக்கும் நேரம்தான் காலையில் அவர்கள் பேசும் நேரம்.

“கேக்குதா?”

“கேக்குது, சொல்லு.”

“நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேங்க. இதுக்கு மேல இழுக்க வேணாம். நான்”

(இந்த வாக்கியத்தைக் கைவிட்டது நானில்லை. கதவு விழுங்கிவிட்டது.)

“… அப்ப உங்களுக்குச் சரிதானே?”

“சரி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. பிறகு, “நீங்க இப்படி ஒரே வார்த்தையில சொல்லுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. வெச்சிடறேன்.”

எதற்குச் சரி சொன்னோம்? கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் அவன். அவள் அழுதாளா, சிரித்தாளா என்றுகூடப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

4

இதுவரை படித்த என் அண்ணி தாளைக் கீழே வைத்துவிட்டார். “திரும்பக் கூப்பிட்டுக் கேக்க வேண்டியதுதானே? வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு? இதெல்லாம் ஒரு கதையா?”

நியாயமான கேள்வி. ஆனால், அண்ணி, கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லும் ஒரே குறை, “நான் பேசறது உங்க காதுல ஏறுறதே இல்ல” என்பதுதான். இப்போது போய்க் கேட்டால் அது உண்மை என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வாழ்க்கையிலேயே முக்கியமான பேச்சையும் அவன் காதில் வாங்கவில்லை என்றுதானே அவள் நினைப்பாள்?

“அது கதவோட தப்பு,” என்றார் அண்ணி.

கதவின் விதியை எழுதியதே அவன்தானே.

5

மதியம் சோதனைக் கைப்பேசியோடு அதே கதவுக்கு வந்தான். கூட வேலை செய்யும் பெண்ணும் வந்தாள். உள்ளே போய் வெளியே வந்தார்கள், மறுபடி உள்ளே போய் வெளியே வந்தார்கள். காவலாளி இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“சார், வைஃபை, டவர் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டே கொஞ்ச தூரம் போகட்டும். புதுசு கைக்கு வந்தப்புறம் பழசை விடலாம்.”

“பேட்டரி தின்னுமேம்மா.”

“தின்னட்டும் சார். பேச்சு அறுந்து போறதுக்கு அது பரவாயில்ல.”

அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். “காலைல எங்க வீட்ல பேசினது இங்கதான் அறுந்து போச்சு.”

“அய்யோ. என்ன சொன்னாங்க?”

“தெரியல. நான் சரின்னுட்டேன்.”

“நீங்களா! எங்களுக்கு ஒரு லீவுக்குக்கூடச் சொல்ல மாட்டீங்களே சார்!”

சிரித்தவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

6

முடிவு ஒன்று: அவன் வீட்டுக்குப் போகிறான். கட்டிலில் ஒரு பெட்டி திறந்திருக்கிறது. அதில் யாருடைய துணி

இல்லை. பெட்டியைப் பார்த்தே தெரிந்துகொண்டால், கேட்காமல் தப்பித்துவிடுவான். அந்தச் சலுகையை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: இந்தக் குழப்பத்திலேயே அவன் காலமெல்லாம்

ஐயோ, அது பாவம்.

7

மாலையில் அவன் நிலையத்துக்கு வருகிறான். உள்ளே போகவில்லை. கதவைத் தாண்டாமல், தெருப் பக்கத்தில் ஓர் ஓரமாக நின்று கூப்பிடுகிறான்.

“காலைல நீ சொன்னது எனக்குக் கேக்கல. கேக்காமலே சரின்னுட்டேன்.”

காலையில் அவள் குரலை எழுதியதும் நான்தான். இப்போது எழுத உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. அவனைப் பார்த்த இடத்திலேயே மறுபடி நிற்கிறேன், அவன் பக்கம் மட்டும்தான் எனக்குக் கேட்கிறது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“திட்டு, பரவாயில்ல… ஆமா, என் தப்புதான்… பொறு, இல்ல, பொறுக்க வேணாம். இப்பவே சொல்லு. முழுசா சொல்லு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வாக்கியத்தை இனி நீங்கள்தான் பிடிக்க வேண்டும். கதவருகே அந்தப் பெண் சொன்ன மாதிரி, நீங்கள் பிடிக்கும்வரை நான் என் பக்கத்தை விடமாட்டேன். பிடித்துவிட்டீர்களா? ஒரு தடவை நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

“சரி,” என்கிறான் அவன்.

கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.