நீர் மாத்திரை

"கோழிக்கெல்லாம் இங்க பார்க்கறதில்லைங்க," என்றாள் கண்ணாடிக் கதவுக்கு உட்புறம் உட்கார்ந்திருந்த பெண். கூடையின் மேல் போட்டிருந்த துண்டை விலக்கிப் பார்த்ததுமே அவள் முகம் கோணிவிட்டது. சுவர் முழுக்க நாய்களும் பூனைகளும் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தன. கோழிக்கு அங்கே ஓர் ஓரத்தில்கூட இடம் இல்லை.

"கால்நடை ஆஸ்பத்திரின்னுதானேம்மா போர்டு போட்டிருக்கீங்க? இதுவும் காலாலதான் நடக்குது," என்றாள் பாப்பா.

மடியில் பொசுபொசுவென்று ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்த ஆள், "இதுக்குப் போய் டாக்டரைத் தேடுவாங்களா? அடுப்புல ஏத்துனா வேலை முடிஞ்சுது," என்று சிரித்தார். பாப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் நாய்க்குட்டியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அப்பா வாய் நிறையக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவள் தெருவுக்கெல்லாம் பாப்பா ஆகிப்போனாள். பள்ளிச் சீருடை தைக்கும் அவளுடைய வாசல் பலகையிலும் 'பாப்பா டெய்லர்' என்றுதான் எழுதியிருக்கிறது. கோழிக்குப் பெயர் வைத்ததும் அப்பாதான். பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுத்தை நீட்டி, தலையைச் சாய்த்து, எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தபடி கொல்லையில் உலாவிய கோழியைக் கண்டதும், "செக்கர் ஏறிட்டா, டிக்கெட்டைக் கையில எடுத்து வச்சுக்கங்க," என்றார். அன்றிலிருந்து அது செக்கரம்மா.

அந்தச் செக்கரம்மாதான் சில நாட்களாகச் சோர்ந்து கிடந்தது. தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது, குடித்ததெல்லாம் தண்ணீராகவே போனது. கழுத்துக்குக் கீழே பந்துபோல ஒரு வீக்கம். இருதயம் பழுதாகி, கால் இரண்டும் வீங்கி, பின்னறையில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த அப்பா, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர், கோழியைப் பற்றிப் புலம்பித் தள்ளிவிட்டார். "டாக்டர்கிட்ட காட்டு பாப்பா. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசே சரியில்ல." எதிர்வீட்டு அக்காவை அப்பாவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, காலையிலேயே பாப்பா கிளம்பிவிட்டாள். மருந்து வாடையும் இருமல் சத்தமும் இல்லாமல் கொஞ்ச நேரம் வெளிக்காற்று படுமே என்ற சந்தோஷமும் அதில் இருந்தது. அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

வழி காட்டியவர் தீவனக் கடைக்காரர். பெரிய கோழிப்பண்ணை ஒன்றில் வேலை பார்க்கும் டாக்டரம்மா ஊருக்கு வெளியே குடியிருக்கிறார், விடுமுறை நாளில் வீட்டில் இருப்பார், போய் நின்றால் தட்டமாட்டார் என்றார். பாப்பா கூடையும் கையுமாகப் போய் நின்றாள். துணி துவைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பின்கட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தார்.

"தீனிப்பை அடைச்சிருக்கு. தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. தின்னது எதுவும் கீழே இறங்கல." விரலால் அமுக்கிக்கொண்டே சொன்னார். "கீறித்தான் எடுக்கணும். மரத்துப்போக ஊசி போட்டுடறேன். ரெண்டு காலையும் சேர்த்துப் பிடிச்சுக்குவீங்களா?"

"பிடிச்சுக்கறேங்க."

பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையில் கோழியின் நெஞ்சு படபடவென்று அடித்தது. டாக்டரம்மா இறகைப் பிடுங்கி, சின்னதாக ஒரு கீறல் போட்டு, இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்தது, நீலமும் வெள்ளையுமாகச் சிக்குப் பிடித்து.

"நீங்க டெய்லரா?"

"ஆமாங்க," என்றாள் பாப்பா. கூட்டிய நூலைக் கொல்லையில் தட்டிவிடுவது அவள் வழக்கம். கோழிதான் கொத்துகிறதே என்று அதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

டாக்டரம்மா நூல் பந்தைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு அலசினார். சிக்கு விட்டதும் கிண்ணத்தின் அடியில் சில வெள்ளையாகவும் சில ரோஸ் நிறத்திலும் தங்கின. பாதி கரைந்தவை, மேல்பூச்சு மட்டும் போனவை, அப்படியே முழுசாக இருந்தவை.

"இது மாத்திரையாச்சே. நூல்ல மாட்டிக்கிட்டு நின்னிருக்கு. கரைஞ்சது வேற எவ்வளவோ. வீட்டுல யாருக்கு மாத்திரை நடக்குது?"

பாப்பாவுக்கு ரோஸ் மாத்திரையைத் தெரியும், நடுவில் கோடு போட்டது. காலையிலும் மாலையிலும் அட்டையிலிருந்து பிதுக்கி அப்பாவின் உள்ளங்கையில் வைப்பது அவள்தான். வைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரையும் பிஸ்கட்டையும் பக்கத்தில் நகர்த்திவிட்டு, மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

"எங்கப்பாவுக்குங்க. உடம்புல நீர் கோத்துக்கக் கூடாதுன்னு குடுத்தது."

"அதான் இது இப்படித் தண்ணி குடிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. பிறகு பாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தையல் போடுவதில் மும்முரமாகிவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் போன தடவை அப்பாவின் காலை அமுக்கிப் பார்த்த டாக்டர், "வீக்கம் வடியவே இல்லையே, மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று கேட்டிருந்தார். "என் கையாலதான் குடுக்கறேன் டாக்டர், ஒரு வேளை தவறாது," என்று பாப்பா அடித்துச் சொன்னாள். சொன்னபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் மாத்திரையை இரட்டிப்பாக்கி எழுதிக் கொடுத்தார். இரட்டிப்பாகப் போனது யார் வயிற்றுக்கு என்று இப்போதுதான் தெரிந்தது.

ஏன் என்றும் தெரிந்தது. தெரியாததுபோல இருக்க அவள் செய்த முயற்சி பலிக்கவில்லை. பள்ளி திறக்கும் சமயம், மலைபோலத் துணி குவிந்து கிடந்த ஒரு சாயங்காலம், கழிப்பறைக்குப் போக அப்பா மறுபடியும் கூப்பிட்டார். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தவள், "இப்பத்தானேப்பா போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். சத்தம்கூடப் போடவில்லை. ஆனால் சலிப்பு என்பது சத்தத்திலா இருக்கிறது? அதற்குப் பிறகு அப்பா அடிக்கடி கூப்பிடுவது நின்றுபோனது. "இப்ப எவ்வளவோ தேவலை, அடிக்கடி எழுந்திரிக்கறதில்ல," என்று எதிர்வீட்டு அக்காவிடம் அவளே சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

கோழியைத் துண்டில் சுற்றிக் கொடுத்த டாக்டரம்மா வாசல் வரைக்கும் வந்தார். "நான் கோழி டாக்டர், மனுஷ வைத்தியம் சொல்லக் கூடாது. இருந்தாலும் சொல்றேன். முதல்ல உங்கப்பாவோட டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடுங்க. இத்தனை நாள் சாப்பிடாதவருக்குத் திடீர்னு முழுசா குடுத்துடாதீங்க."

"சரிங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்தாள். எண்ணும் கைவசம் இருந்தது. என்னவென்று சொல்வது? ஒரு வேளை தவறாது என்று சொன்ன அதே வாயால், எல்லாம் கோழிக்குப் போயிருக்கிறது என்றா? அவர் என்ன முகம் வைத்துக்கொள்வார் என்று நினைத்துப் பார்த்தாள். பக்கத்தில் நிற்கும் நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொள்வதையும் நினைத்துப் பார்த்தாள். போன் பைக்குள் போய்விட்டது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னாள்.

எதிர்வீட்டு அக்கா எழுந்து போனதும், அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "செக்கர் எப்படி இருக்கா?"

"பொழைச்சுக்குவா."

"என்னவாம் அவளுக்கு?"

"நூல்." கூடையைக் கீழே வைத்தாள். "மாத்திரையும்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொல்லையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. "ஜன்னல் வழியா பிஸ்கட்ல வச்சு நீட்டினா கொத்திக்கிட்டுப் போயிடுவா. அதுக்கு ஒண்ணும் செய்யாதுன்னு நினைச்சேன். பாவம்."

"கோழி பாவம். நீங்க பாவமில்லையாப்பா? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"டிரிப் முடியற வரைக்கும் அடக்கிக்கிட்டு நின்னவன் நான். இந்த மாத்திரையைப் போட்டா நிக்க மாட்டேங்குது பாப்பா. ஒவ்வொரு தடவையும் நீ மெஷினை நிறுத்திட்டு ஓடி வர்ற." மூச்சு வாங்கியது. "உன் வேலை கெடுது."

அப்போது அவள் அழுதிருக்கலாம். அவர் காலடியில் உட்கார்ந்து அந்த வீங்கிய பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் வந்தது கோபம். யார் மேல் வரவேண்டுமோ அவர் மேல் வராமல், படுத்திருந்தவர் மேல் வந்தது. அட்டையை எடுத்து, டாக்டர் எழுதிய அளவு முழுவதையும் பிதுக்கினாள். அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, மாத்திரையை வாயில் போட்டு, டம்ளரை உதட்டில் வைத்தாள்.

"முழுங்குங்க."

விழுங்கினார்.

"வாயைத் திறந்து காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க."

ஒரு பஸ் கூட்டத்தையே சத்தம் போட்டு உள்ளே தள்ளிய மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளைபோல வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள்.

மத்தியானம் முழுவதும் மாத்திரை வேலை செய்தது. அப்பா கூப்பிட்டார், அவள் போனாள். திரும்பக் கூப்பிட்டார், திரும்பப் போனாள். முகத்தில் சலிப்பின் சாயல்கூடத் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே போனாள். காலை அமுக்கிப் பார்த்தபோது வீக்கம் கொஞ்சம் இளகியிருந்தது. "பார்த்தீங்களா, வடியுது," என்றாள். இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் கூடையில் கோழி, இரண்டு பேரையும் தேற்றிவிடலாம் என்று அந்த நேரம் அவள் மனமார நம்பினாள்.

வெயில் தாழ்ந்த நேரம் அப்பா, "தலை சுத்துது பாப்பா," என்றார்.

"காலையிலேர்ந்து சரியா சாப்பிடல, அதான்," என்று பாலைச் சூடாக்கிக் கொடுத்தாள். போனை எடுத்தாள், வைத்தாள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நினைத்தாள்.

விளக்குப் போட்டதும் மறுபடி கூப்பிட்டார். தோளைக் கொடுத்து எழுப்பினாள். கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் வந்தார்கள். கதவருகே அவர் உடம்பின் பாரம் முழுவதும் அவள் மேல் சாய்ந்தது. தாங்க முடியாமல் சுவரோடு சரிந்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது.

"துணி நனைஞ்சிருச்சு பாப்பா," என்றார்.

"பரவாயில்லப்பா. மாத்திக்கலாம். பரவாயில்ல."

அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெருக்கோடி டாக்டர் வந்து பார்த்தார். "ரொம்ப நாளா பலவீனமா இருந்த இருதயம். எதிர்பார்த்ததுதானேம்மா," என்றார். அதைக் கேட்டதும் பாப்பாவுக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. அப்படி வந்ததற்காக அவளுக்கே அவள் மேல் அருவருப்பாக இருந்தது. சாப்பிடாத மாத்திரையால் போனாரா, சாப்பிட்ட மாத்திரையால் போனாரா? கேட்டால் யாராவது சொல்லக்கூடும். கேட்க வேண்டுமென்றால் முதலில் சொல்ல வேண்டும்.

வெளியூரிலிருந்து அண்ணன் வந்து, எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்தது. வந்தவர்களெல்லாம் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும், கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள், இந்தக் காலத்தில் யார் செய்வார்கள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல அவள் தலை இன்னும் குனிந்தது. அடக்கமான பெண் என்று அதையும் சேர்த்துப் பாராட்டினார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணன் பின்னறையை ஒழித்துக்கொண்டிருந்தான். அலமாரியில் மாத்திரை டப்பாவைத் திறந்து, வெற்று அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒரு வேளைகூடத் தவறலையே பாப்பா. நான் கூட இருந்திருந்தாலும் இப்படிப் பார்த்திருக்க மாட்டேன்." அவன் குரல் உடைந்தது. "தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு போன்ல விசாரிச்சதோட சரி. ஒழுங்கா சாப்பிட்டாரா, இல்ல அடம் பிடிச்சாரா?"

சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசி நாள் நான் பக்கத்துலயே நின்னேண்ணா," என்றாள். "முழுங்கற வரைக்கும்."

அவன் அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதான். அவள் அசையாமல் நின்றாள்.

கொல்லையில் செக்கரம்மா திடீரென்று ஊரையே கூட்டியது. சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "அட, முட்டை வச்சிருக்கு! பரவாயில்லையே, தேறிடுச்சு. கொண்டா பாப்பா, சின்னவனுக்கு வேக வச்சுக் குடுக்கலாம்."

"வேண்டாம் அண்ணி. உடம்புல இன்னும் மருந்து இருக்கு. கொஞ்ச நாளைக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"தூக்கிப் போட்டுடு அப்ப," என்றுவிட்டு அண்ணி உள்ளே போனாள்.

முட்டை இன்னும் சூடாக இருந்தது. தூக்கிப் போட அவளுக்குக் கை வரவில்லை. குழாயடி ஓரத்து ஈர மண்ணில் உட்கார்ந்து, கையாலேயே ஒரு குழி தோண்டினாள். முட்டை ஆழத்துக்குத் தோண்டினால் போதும். அவள் முழங்கை வரைக்கும் தோண்டினாள். பிறகு முட்டையை உள்ளே இறக்கி வைத்து, மண்ணைத் தள்ளி, மேலே காலால் மிதிக்காமல், கையால் மெல்லத் தட்டித் தட்டி மூடினாள்.